மரத்தரைக்கு மேற்பூச்சு: ஒரு தாளின் தடிமனில் ஒரு காவல்

சில ஆண்டுகள் புழங்கிய மரத்தரை ஒன்றில் இரண்டு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். ஒரு சொட்டை அனைவரும் நடக்கும் சமையலறை வாசலிலும், மற்றொன்றை யாருடைய காலும் படாத அலமாரியின் ஓரத்திலும் விட்டு, ஐந்து நிமிடம் பொறுத்திருங்கள். அலமாரி ஓரத்துச் சொட்டு தாமரை இலையில் நின்றதுபோல் திரண்டு, விட்ட இடத்திலேயே இருக்கும். வாசலில் விட்ட சொட்டோ விளிம்பு கலைந்து பரவி, தனக்கு அடியிலுள்ள பலகையைக் கறுக்கச் செய்திருக்கும். துடைத்த பிறகும் அந்தக் கறுப்பு உடனே மறையாது. இரண்டும் ஒரே மரம், ஒரே நாளில் பதித்த பலகைகள். வாசலில் மேற்பூச்சு தேய்ந்து தீர்ந்துவிட்டது. அலமாரி ஓரத்தில் அது இன்னும் இருக்கிறது. இந்த ஒரு சோதனையைப் புரிந்துகொண்டவருக்கு மேற்பூச்சைப் பற்றிய பாதி விளங்கிவிடும்.

பூச்சு எவ்வளவு மெல்லியது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. பொதுவாக ஒரு லிட்டர் பூச்சுத் திரவம் ஒரு முறைக்குச் சுமார் 10 சதுர மீட்டர் தரைக்குப் போதும். ஒரு லிட்டரைப் பத்துச் சதுர மீட்டரில் பரப்பினால் ஈரமான நிலையில் அதன் தடிமன் 0.1 மில்லிமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே கெட்டிப் பொருள் என்று கொண்டால், நீரும் கரைப்பானும் ஆவியான பின் எஞ்சுவது 0.03 மில்லிமீட்டர்தான். மூன்று முறை பூசினாலும் மொத்தத் தடிமன், நாம் எழுதும் சாதாரணத் தாள் ஒன்றின் தடிமனைத் தாண்டாது. பல ஆண்டு நடையையும், நாற்காலிக் கால்களின் உராய்வையும், சிந்திய நீரையும் தாங்குவது இந்தத் தாளளவுப் படலமே.

ஆகவே, மேற்பூச்சு மரத்தைக் கடினமாக்கிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கனமான பொருள் விழுந்தால் பூச்சும் மரமும் சேர்ந்தே பள்ளமாகும். பூச்சின் வேலை, மரம் தேய்வதற்குப் பதிலாகத் தான் தேய்வது. செருப்பில் ஒட்டிவரும் மணலே அதற்கு முதல் எதிரி. மணலிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் கடினம், 1 முதல் 10 வரை செல்லும் மோஸ் கடின அளவில் 7 என்பதால், எந்தச் சாதாரண வார்னிஷையும் அது எளிதில் கீறிவிடும்.

பூச்சின் இரண்டாவது வேலை ஈரத்தைத் தாமதப்படுத்துவது. மரம் பலகையாக அறுபட்ட பின்னும் காற்றிலுள்ள ஈரத்தோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்துவதில்லை. ஈரப்பதம் கூடினால் உப்புகிறது, காற்று வறண்டால் சுருங்குகிறது. நீளவாக்கில் இந்த மாற்றம் இல்லையென்றே சொல்லலாம். அகலவாக்கில்தான் அது தெரியும். மேற்பூச்சு இந்தப் போக்குவரத்தை மெதுவாக்குமே தவிர அடைத்துவிடாது. வறண்ட பருவத்தில் பலகைகளுக்கிடையே விழும் இடைவெளியைப் பூச்சின் குறை என்று எண்ணி, அதை மூட இன்னொரு முறை பூசுவது வீண்வேலை. சில வேளை அது தீங்காகவும் முடியும்: இடுக்கில் இறங்கிய பூச்சு பக்கத்துப் பலகைகளைப் பசைபோல ஒட்டிவிட்டால், அடுத்த சுருக்கத்தில் பல பலகைகள் ஒன்றாக நகர்ந்து, ஓரிடத்தில் மட்டும் பெரிய பிளவு விழும்.

எந்தப் பூச்சு, எப்படி உலர்கிறது

கடையில் டப்பாக்கள் பல பெயர்களில் இருந்தாலும், அவற்றைப் பிரித்தறிய ஒரே கேள்வி போதும்: இது மரத்துக்குள் இறங்கிக் காக்கிறதா, மரத்தின்மேல் படலமாக நின்று காக்கிறதா?

ஆளிவிதை எண்ணெயும், துங் மரத்தின் விதையிலிருந்து எடுக்கும் துங் எண்ணெயும் முதல் வகை. இவை நார்களுக்கிடையே புகுந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து கெட்டியாகின்றன. எண்ணெயோடு மெழுகைச் சேர்த்துச் செய்யும் மெழுகெண்ணெயும் இவ்வகையைச் சேர்ந்தது. தரை பார்வைக்கு மரமாகவே இருக்கும். தேய்ந்த இடத்தை மட்டும் சுத்தம் செய்து மீண்டும் எண்ணெயிட முடியும் என்பது இதன் பெரிய நன்மை. படலப் பூச்சைவிடக் கறை எளிதில் பிடிக்கும், அடிக்கடி பராமரிக்க வேண்டும் என்பவை இதன் விலை.

இரண்டாம் வகையில் இன்று பெரும்பாலும் பயன்படுவது பாலியூரித்தேன். 1937ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் ஓட்டோ பேயரும் அவருடன் பணியாற்றியவர்களும் கண்டறிந்த இந்த வேதிப்பொருள் குடும்பம், மெத்தைப் பஞ்சு முதல் தரை வார்னிஷ் வரை பல உருவங்களில் நம்மைச் சுற்றி இருக்கிறது. எண்ணெய் அடிப்படையிலான பாலியூரித்தேன் மரத்துக்கு தேன் நிறம் கொடுக்கும். நாளாக ஆக அந்த மஞ்சள் கூடும். வாடை கடுமையாக இருக்கும். ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையே 8 மணி முதல் 24 மணி நேரம் வரை பொறுக்க வேண்டும். நீர் அடிப்படையிலானது பாலைப்போல் வெண்மையாக டப்பாவிலிருந்து வந்து, உலர்ந்ததும் நிறமற்றுத் தெளியும். இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் அடுத்த பூச்சுக்குத் தயாராகும். ஆனால் ஒவ்வொரு பூச்சும் மெல்லியது என்பதால், எண்ணெய் வகைக்கு இரண்டு மூன்று போதுமென்றால் இதற்கு மூன்று நான்கு தேவைப்படும்.

அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசும் பழைய முறை மேசை, பெட்டி போன்றவற்றுக்கு அழகாக அமையும். சாராயம் ஆவியாவதுதான் அங்கே உலர்தல் என்பதால், பிற்பாடு சாராயம் பட்டால் அது மறுபடியும் கரையும். நீர் தேங்கினால் வெளுக்கும். ஈரம் படும் தரைக்கு அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வருவதில்லை.

உலரும் விதத்தை அறிந்துகொள்வது ஏட்டறிவுக்காக மட்டுமன்று. எண்ணெய்ப் பூச்சுக்கு ஆக்சிஜன் வேண்டும் என்பதால், காற்றோட்டமில்லாத மூடிய அறையில் அது நாள்கணக்கில் பிசுபிசுக்கும். நீர்ப்பூச்சில் நுண்ணிய ரெசின் துளிகள் நீர் வெளியேறிய பின் ஒன்றோடொன்று கலந்து இழைய வேண்டும் என்பதால், அறை மிகவும் குளிர்ந்திருந்தால் அவை இழையாமல் படலம் பலவீனமாகும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் நீர் வெளியேற வழியில்லாமல் வெண்மை படரும். 18 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பமும் நடுத்தர ஈரப்பதமும் பெரும்பாலான பூச்சுகளுக்கு ஏற்றவை. உங்கள் டப்பாவில் வேறு எண்கள் இருந்தால் அவற்றையே பின்பற்றுங்கள்.

மூங்கில் மரமன்று

தாவரவியல்படி மூங்கில் ஒரு புல். தரைக்கு வரும் மூங்கில் பலகை, கீற்றுகளையோ நார்களையோ பசையால் ஒட்டி உருவாக்கியது. அதனால் பூச்சு ஏற்கும் விதமும் மாறுகிறது. கீற்றுகளைப் படுக்கையாகவோ செங்குத்தாகவோ அடுக்கிச் செய்தவை ஓரளவு மரத்தைப் போலவே நடந்துகொள்ளும். நார்களைப் பிசினில் தோய்த்து மிகுந்த அழுத்தத்தில் இறுக்கிச் செய்தது பல கடின மரங்களைவிட அடர்த்தியானது. நுண்துளைகள் பிசினால் நிரம்பியிருப்பதால் எண்ணெய் அதற்குள் அதிகம் இறங்காது. பழுப்பு நிறம் வருவதற்காக ஆவியில் வேகவைத்த மூங்கில், நிறம் மாறாத மூங்கிலைவிடச் சற்று மென்மையானது என்பதையும் வாங்கும்போது நினைவில் கொள்ளலாம்.

மூங்கில் தரையில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கடையிலிருந்து வரும் மூங்கில் பலகை பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே பூச்சு ஏறியதாக இருக்கும். அந்தப் பூச்சில் அலுமினியம் ஆக்சைடு துகள்களைக் கலந்து, புற ஊதா ஒளியில் நொடிப்பொழுதில் இறுக வைத்திருப்பார்கள். அலுமினியம் ஆக்சைடின் கடினம் மோஸ் அளவில் 9. உப்புத்தாளில் ஒட்டப்படும் மணிகளும் பல வேளைகளில் இதே பொருள்தான். ஆகவே, சாதாரண உப்புத்தாளால் நான்கு முறை இழுத்துவிட்டு அதன்மேல் புதுப்பூச்சைப் பூசினால், கண்ணாடிமேல் ஒட்டிய காகிதம்போல ஒரு மாதத்தில் உரிந்து வரும். இத்தகைய தரைக்கென்று விற்கும் சொரசொரப்பாக்கும் பட்டைகளையும், பிடிப்புக்கான முதற்பூச்சையும் பயன்படுத்த வேண்டும். எதுவானாலும் அலமாரிக்குள் மறையும் ஒரு மூலையில் கையகலத்துக்குப் பூசி, ஒரு நாள் கழித்து நாணயத்தின் விளிம்பால் அழுத்திச் சுரண்டிப் பாருங்கள். பொடியாகத் தேய்ந்தால் பிடித்திருக்கிறது. தோலாக உரிந்தால் பிடிக்கவில்லை.

இன்னொரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மரம்போலத் தோன்றும் லேமினேட் தரை, மரத்தின் படம் அச்சிட்ட தாள்மேல் ரெசின் ஏற்றியது. அதை இழைக்கவும் முடியாது, அதன்மேல் பூசும் வார்னிஷ் நிற்கவும் செய்யாது.

இழைப்பதா, மேலே ஒரு பூச்சு போதுமா

நீர்ச் சொட்டுச் சோதனையின் பயன் இங்கேதான் முழுமையாகத் தெரிகிறது. நடைவழியில் பளபளப்பு மங்கி, மெல்லிய கீறல்கள் விழுந்திருந்தாலும் சொட்டு திரண்டு நின்றால், பழைய படலம் இன்னும் உயிரோடிருக்கிறது. அதன் மேற்பரப்பை மட்டும் மெல்லிய உப்புத்தாளாலோ வலைபோன்ற தேய்ப்புத்தட்டாலோ மங்கச் செய்து, புதுப்பூச்சு ஒன்றிரண்டு கொடுத்தால் போதும். மரத்தில் ஒரு மயிரிழைகூடக் குறையாது. சொட்டு உள்ளிறங்கிக் கறுத்தால், அல்லது பலகை சாம்பல் நிறமாகியிருந்தால், மரம் வரை இழைத்துவிட்டுத் தொடங்குவதைத் தவிர வழியில்லை. தடித்த முழுமரப் பலகை இத்தகைய இழைப்பைப் பல முறை தாங்கும்; மேலே இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான மரத்தோல் ஒட்டிய பலகையை இழைக்காமல் விடுவதே புத்திசாலித்தனம்.

பழைய தரையில் மெழுகோ, சிலிக்கோன் கலந்த மெருகு எண்ணெயோ ஏற்கெனவே தேய்க்கப்பட்டிருந்தால் புதுப்பூச்சு ஒட்டாது. வெள்ளைத் துணியில் சிறிது டர்பன்டைனை நனைத்து ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள். துணியில் மஞ்சளோ பழுப்போ பிசுக்காக வந்தால் அது மெழுகாக இருக்கலாம். சிலிக்கோன் இருந்தால் பூசும்போதே காட்டிக்கொடுக்கும்: பூச்சு சிறு சிறு வட்டங்களாக விலகி, மீன்கண் போன்ற குழிகள் தோன்றும்.

இழைப்பதென்று முடிவானால், வேலையின் பெரும்பங்கு அதுதான். பூசுவது அதன் கடைசி அத்தியாயம். முதலில் ஆணித்தலைகளை மரத்துக்குள் தாழ்த்திவிட வேண்டும். பிறகு 40ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 60, 80, 100 என்று படிப்படியாக ஏற வேண்டும். எண் கூடக்கூட மணி நுண்மையாகும். ஒவ்வொரு தாளின் வேலையும் முந்தைய தாள் போட்ட கீறல்களை அழித்து, தன்னுடைய சிறிய கீறல்களைப் போடுவதுதான். நடுவில் படிகளைத் தாண்டினால், 40ஆம் எண் போட்ட பள்ளக் கீறலை 100ஆம் எண் தாளால் அழிக்க முடியாது. வெறும் மரத்தில் அது கண்ணுக்குத் தெரியாது, பூச்சு ஏறியதும் பளிச்சென்று தெரியும். அதை முன்கூட்டியே பிடிக்க எளிய வழி, இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, கைவிளக்கைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்துப் பார்ப்பது. சாய்வாக விழும் ஒளியில் ஒவ்வொரு கீறலுக்கும் நிழல் விழும். சுவரோரத்தைச் சிறிய இயந்திரத்தாலும் நடுத்தரையைப் பெரிய இயந்திரத்தாலும் இழைக்கும்போது, இரண்டையும் ஒரே எண்ணில் முடிக்காவிட்டால் அறையைச் சுற்றிப் படச்சட்டம் போட்டதுபோல் ஒரு பட்டை தெரியும். வழவழப்பு கூடக் கூட நல்லது என்ற எண்ணமும் தவறு. 120ஐத் தாண்டி மெருகேற்றிய மரத்தில் பூச்சு பற்றிக்கொள்ளப் பிடிமானம் குறையும்.

மரத்தூளை எளிதாக எண்ண வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் வகுப்பில் அதை வைத்திருக்கிறது. பொருத்தமான முகமூடி வேண்டும். மிகப் பழைய வீட்டின் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், சோதிக்காமல் அதை இழைக்கக் கூடாது.

பூசும் நேரம்

தூசியை வேக்கம் கிளீனரால் இரண்டு முறை எடுத்து, சன்னல் விளிம்பையும் மின்விசிறி இறக்கைகளையும்கூடத் துடைத்து, இறுதியாக லேசாக ஈரம் தொட்ட துணியால் தரையைத் துடைத்து உலரவிடுங்கள். டப்பாவைக் குலுக்கக் கூடாது. குலுக்கினால் நுரை ஏறி, அந்தக் குமிழ்கள் தரையில் அப்படியே உறையும். மங்கலான பூச்சுகளில் பளபளப்பைக் குறைக்கும் நுண்பொடி அடியில் தங்கியிருக்கும் என்பதால், தட்டையான குச்சியால் அடிவரை நிதானமாகக் கிளறுவது அவசியம். கிளறாமல் பூசினால், டப்பாவின் மேல்பாதி பூசிய இடம் மினுங்கும், கீழ்ப்பாதி பூசிய இடம் மங்கும். பளபளப்பைத் தேர்ந்தெடுப்பது அவரவர் விருப்பம்தான். என்னைக் கேட்டால், கண்ணாடிபோல் மின்னும் தரை முதல் வாரம் மட்டுமே அழகு, அதன் பிறகு ஒவ்வொரு கீறலையும் ஒவ்வொரு தூசியையும் அது ஊருக்குக் காட்டும்.

சுவரோரங்களைத் தூரிகையால் முடித்து, அறையின் கோடியிலிருந்து மரரேகை ஓடும் வாக்கிலேயே வாசலை நோக்கிப் பின்வாங்கியபடி பூச வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது ஈர விளிம்பு. ஒரு பட்டை பூசி முடித்ததும் அதன் ஓரம் உலர்வதற்குள் அடுத்த பட்டை அதன்மேல் சற்றே ஏறி இணைய வேண்டும். உலர்ந்த ஓரத்தின்மேல் ஏறினால் அந்த மேலடுக்கு கோடாக நின்றுவிடும். சன்னல் வெயில் விழும் தரையில் விளிம்பு விரைவில் உலர்ந்துபோவதால், வெயில் விலகிய நேரத்தில் பூசுவது நல்லது. முதல் சில மணி நேரம் மின்விசிறியையும் போடக்கூடாது. பூசிவிட்டு எழுந்த பின், நடுவில் ஒரு தூசியோ தலைமுடியோ ஒட்டியிருப்பது தெரியும். திரும்பிப் போய்த் தொடத் தோன்றும். தொடாதீர்கள். பாதி உலர்ந்த படலத்தைத் தூரிகை இழுத்தால் வரும் வடு, அந்த முடியைவிடப் பத்து மடங்கு அசிங்கமாக இருக்கும். முடியை அடுத்த பூச்சுக்கு முன் தேய்த்து எடுத்துவிடலாம்.

நீர்ப்பூச்சின் முதல் கட்டம் உலர்ந்ததும் தரையைத் தடவினால், மூன்று நாள் தாடிபோலச் சொரசொரக்கும். ஈரம் பட்டு மரநார்கள் நிமிர்ந்துகொண்டதே காரணம். வேலை கெட்டுவிட்டதென்று கலங்க வேண்டியதில்லை. 180 அல்லது 220ஆம் எண் தாளால் மெல்லத் தேய்த்தால் நார்முனைகள் அறுந்து, அடுத்த பூச்சு பற்றுவதற்கான பிடிமானமும் கிடைத்துவிடும். தேய்க்கும்போதே பூச்சு தயாரா என்பதும் தெரியும்: வெண்பொடி உதிர்ந்தால் தயார், தாளில் பிசினாகச் சுருண்டு ஒட்டினால் இன்னும் பொறுக்க வேண்டும்.

உலர்தல் வேறு, இறுகுதல் வேறு. கையில் ஒட்டாத தரை உலர்ந்த தரை. உள்ளே வேதிவினை முடிந்த தரைதான் இறுகியது. நீர்ப்பூச்சு முழுதாக இறுக ஒரு வாரமும் அதற்கு மேலும், எண்ணெய்ப் பூச்சு இறுக ஒரு மாதம் வரையிலும் ஆகலாம். ஒரு நாள் கழித்துக் காலுறையோடு நடக்கலாம். மூன்று நான்கு நாளில் மேசை நாற்காலிகளைத் தூக்கி வைக்கலாம், இழுக்கக் கூடாது. விரிப்பு மட்டும் கடைசியில்தான் வர வேண்டும். அவசரப்பட்டு நான்காம் நாளே விரிப்பு போட்ட என் தரையில், அதன் அடித்துணியின் நெசவு கட்டம் கட்டமாகப் பதிந்து, அடுத்த மேற்பூச்சு வரை அங்கேயே இருந்தது.

எண்ணெய்த் துணி தானே தீப்பற்றும்

இந்த வேலையிலேயே மிகவும் ஆபத்தான பொருள், துடைத்துவிட்டு மூலையில் எறியும் கந்தல்தான். ஆளிவிதை எண்ணெயோ எண்ணெய் அடிப்படைப் பூச்சோ தோய்ந்த துணியைக் கசக்கிக் குவித்து வைத்தால், எண்ணெய் ஆக்சிஜனோடு வினைபுரியும்போது பிறக்கும் வெப்பம் வெளியேற வழியில்லாமல் மடிப்புகளுக்குள் சேர்கிறது. வெப்பம் கூடினால் வினை வேகமாகிறது, வினை வேகமானால் வெப்பம் மேலும் கூடுகிறது. யாரும் தீக்குச்சி கிழிக்காமலே, அனைவரும் உறங்கும் நேரத்தில் அந்தக் குவியல் எரியத் தொடங்கலாம். துணியை வெளியில், மடிப்பில்லாமல் ஒற்றை அடுக்காக விரித்து உலர்த்துங்கள். அல்லது மூடியுள்ள உலோக டப்பாவில் நீருக்குள் அமிழ்த்தி வையுங்கள். இழைக்கும் இயந்திரத்தின் தூசிப்பையில் சேரும் பழைய பூச்சுத் தூளும் இதேபோல் சூடேறக்கூடும். அதை அன்றன்றே வீட்டுக்கு வெளியே கொட்டிவிட வேண்டும். கரைப்பான் ஆவி அறையில் இருக்கும்வரை அடுப்பு, விளக்கு, சிகரெட் எதுவும் அருகில் வரக்கூடாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

பிறகு எஞ்சுவது பராமரிப்பு. வாசலில் ஒரு மிதியடி, நாற்காலிக் கால்களில் கம்பளித் துண்டு, நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தல், இவ்வளவே. நீராவியால் துடைக்கும் கருவியை இத்தரையில் பயன்படுத்த வேண்டாம். பலகை இடுக்குகளில் சூடான ஈரத்தை அது திணிக்கும். ஆண்டுக்கொரு முறை அந்த இரண்டு சொட்டு நீரை விட்டுப் பாருங்கள். வாசல் சொட்டு விளிம்பு கலையத் தொடங்கும் முன்பே மேற்பூச்சு கொடுத்துவிட்டால் ஒரு நாள் வேலை. தவறவிட்டால் இயந்திரமும் தூசியுமாக ஒரு வாரம். டப்பாவைத் தூக்கிப் போடும் முன், பூச்சின் பெயர், வகை, பளபளப்பு, பூசிய தேதி ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். அடுத்த முறை பூச வருபவர் கேட்கும் முதல் கேள்வி, இதன்மேல் ஏற்கெனவே என்ன பூசியிருக்கிறது என்பதாகத்தான் இருக்கும்.